"அக்கா பண்ணது"

என் தம்பி டெனிஸ் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எரிச்சலோடுதான் எழுதப் போகிறேன். அந்த எரிச்சலில் இவை விட்டுப்போகக் கூடாது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை முப்பத்தெட்டு மார்க் வாங்கித் தேறினான். பதினேழு வயதில் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இடது கை மோதிர விரல் நசுங்கியது. இன்றும் அது பாதிதான் மடங்கும். அந்தக் கையோடு ஹெவி லைசென்ஸ் எடுத்தான். பதினான்கு வருஷமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்லூரி பஸ் ஓட்டுகிறான், வண்டியின் பக்கக் கண்ணாடிகூட உடைந்ததில்லை. ஷீலாவைக் கொடுக்க மாட்டோம் என்று அவள் வீட்டில் ஆறு வருஷம் சொன்னார்கள். ஏழாவது வருஷம் அவர்களே வந்து கேட்டார்கள். கடைசியாக ஒன்று. மொழி புரியாத ஏதோ வெளிநாட்டு வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தே நாற்பத்தொரு நாளில் டாட்டிங் லேஸ் போடக் கற்றுக்கொண்டான். நாற்பத்தொன்று என்று எண்ணித்தான் சொல்கிறேன். சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன்.

இத்தனையும் ஜெயித்தவனுக்கு "இது நான் பண்ணது" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நான் புஷ்பம், அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரைதான் படிப்பு. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்காவது நூல் நீட்டிக்கொண்டிருந்தால் டிரிம்மரால் நறுக்கிவிட வேண்டும். டிரிம்மர் என்பது உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கத்தரி. என் கைப்பையில் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எப்போதும் அது இருக்கும்.

நாங்கள் இருப்பது இரும்புலியூரில். கீழே நான், மாடியில் டெனிஸும் ஷீலாவும். காலை ஐந்தே முக்காலுக்கு அவன் வீட்டை விட்டுப் போவான். தாம்பரத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டே காலுக்குப் பொத்தேரிக் கல்லூரியில் இறக்கிவிட்டால், திரும்ப எடுப்பது மாலை மூன்றே முக்காலுக்கு. நடுவில் ஏழரை மணி நேரம் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் புங்க மரத்தடியில் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் பின்சீட்டில் தூங்குவார்கள். டெனிஸுக்குப் பகலில் தூக்கம் வராது, சீட்டில் தோற்றுக்கொண்டே இருப்பான். போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டதாம்.

டாட்டிங் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதற்கு ஊசியும் இல்லை, குரோஷாக் கொக்கியும் இல்லை. ஷட்டில் என்று ஒன்று, இரண்டு முனையும் கூராக, குட்டிப் படகு மாதிரி இருக்கும். அதில் நூலைச் சுற்றிக்கொண்டு, இடது கை விரல்களில் மாட்டிய நூலுக்கு மேலும் கீழுமாக விட்டு முடிச்சுப் போட வேண்டும். முதலில் முடிச்சு ஷட்டில் நூலில்தான் விழும். சரியான நேரத்தில் இடது கையைத் தளர்த்தினால் அது மற்ற நூலுக்குத் தாவும். தாவினால்தான் முடிச்சுகள் வழுக்கும், இழுத்ததும் வளையமாக மூடும். தாவாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது. இப்படி வளையம் வளையமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் விட்டிருக்கும் சின்னக் காதுகளில் அடுத்ததைக் கோத்துக்கொண்டு போவதுதான் லேஸ்.

டெனிஸின் முதல் ஷட்டில் பழைய ஷாம்பு டப்பாவில் வெட்டியது. நாற்பதாம் நம்பர் நூல் உருண்டையைத் தாம்பரம் மார்க்கெட்டில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பைபிளுக்குள் வைக்கும் சிலுவை அடையாளம், ஷீலாவின் கைக்குட்டைக்கு ஓரம், தண்ணீர் ஜக்கை மூட மணி கோத்த வலை என்று ஒவ்வொன்றாகப் போட்டான். ஒன்றையும் விற்றதில்லை. பிறந்தநாள், புதுவீடு, குழந்தை என்று யார் வீட்டில் எது நடந்தாலும் ஒரு லேஸ் கொண்டுபோய்க் கொடுப்பான்.

வினை வந்தது ஸ்டெபின் வீட்டு விசேஷத்தில். ஸ்டெபின் அவனோடு பள்ளியில் படித்தவன். அவன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு டெனிஸ் லேஸில் ஒரு குல்லாய் பின்னிக் கொண்டுபோனான். இரண்டு மாத வேலை. விருந்து மண்டபத்தில் கொடுக்கும்போது, "நானே போட்டதுடா" என்று சொன்னான். ஸ்டெபினின் மாமா அதைப் பிடுங்கித் தன் வழுக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டார். "லேசு டெனிசு, லேசு டெனிசு" என்று மண்டபமே சிரித்தது. டெனிஸும் சிரித்தான். நான் பக்கத்தில் நின்றேன், அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாணவன், நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள் அவன் லேஸ் போடுவதைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்துப் பாட்டு சேர்த்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். கீழே யாரோ எழுதியிருந்தார்கள், "இந்த அங்கிள் வண்டி ஓட்டும்போதும் பின்னுவாரா?" வண்டி நின்றுகொண்டிருந்தது படத்திலேயே தெரிகிறது. ஆனாலும் கல்லூரியின் போக்குவரத்து அலுவலகத்தில் கூப்பிட்டு விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். பதினான்கு வருஷத்தில் அவன் எழுதிய ஒரே விளக்கக் கடிதம் அது.

அன்றிலிருந்து, யார் கேட்டாலும் அவன் பதில் ஒன்றுதான். "அக்கா பண்ணது."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், உங்க லேஸ் எங்க ஹால்ல எல்லாருக்கும் காட்டுறேன்" என்பார். டெனிஸ் பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். சரி, உண்மையைச் சொன்னால் முடிந்தது என்கிறீர்களா? சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு அங்காளம்மாளிடம், "அது என் தம்பி போட்டதுங்க" என்றேன்.

"அட போம்மா! தம்பி மேல உனக்கு அவ்ளோ பாசம்! ஆம்பள எங்கனா லேசு போடுவானா? உன் கையி கையி இல்ல, மிஷினு" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஒருநாள் மாடியேறிப் போய்க் கேட்டேன். "ஏண்டா இப்படிப் பொய் சொல்ற?"

"பொய் இல்லக்கா. நூலு நீதானே வாங்கிக் குடுத்த?"

"நூலு வாங்கினவ லேஸ் போட்டவளா? அப்போ டீசல் போட்டவன்தான் உன் பஸ்ஸை ஓட்டுறானா?"

"விடுக்கா. குடுக்கணும், அவங்க வச்சிக்கணும். அவ்ளோதான். பேரு போட்டா பேஜாரு."

ஷீலா அடுப்படியிலிருந்து, "நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் அண்ணி, நீங்களாவது நாலு போடுங்க" என்றாள். நாலு போடும் வயதா அவனுக்கு? நாற்பத்திரண்டு.

அவனோடு வேலை பார்க்கும் டிரைவர் ஜெயவேலு ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தான். "அக்கா, இவன் கீறானே, நாங்க சீட்டு ஆடிகினு இருந்தா தனியா குந்திகினு நூல நோண்டறான். இன்னாடா மச்சான், பஸ்ஸுக்குப் பாவாட தைக்கிறியான்னு கேட்டேன்" என்று சிரித்தான். ஜெயவேலு வீட்டு டி.வி.யின் மேல் விரித்திருப்பது டெனிஸ் போட்ட லேஸ்தான். அதை நான் சொல்லிக் காட்டினேன். "அது அக்கா பண்ணதாச்சே?" என்றான் ஜெயவேலு, நிஜமாகவே.

போன வருஷம் என் மகள் ஜென்சிக்கு வண்டலூரில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை ஜோஸ்வின் ஆபீஸ் வேலையில் இருக்கிறார். அவருடைய அம்மா தபீதாள் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைக் கேட்டதுமே எனக்குப் பயம். இந்த மாதிரி ஆளின் கண்ணிலிருந்து ஒரு தையல் தப்பாது, எனக்குத் தெரியாதா?

கல்யாணத்தன்று ஜென்சி தலையில் முக்காடாகப் போடும் வெள்ளை நெட்டுக்கு ஓரம் முழுக்க லேஸ் போடுவது தாய்மாமன் பரிசு என்று டெனிஸ் சொல்லிவிட்டான். மூன்றரை மீட்டர். மே மாதம் ஆரம்பித்தவன் டிசம்பரில்தான் முடித்தான். ஒவ்வொரு வளையத்திலும் ஐந்து முடிச்சு, ஒரு காது, ஐந்து முடிச்சு, ஒரு காது என்று ஒரே கணக்கு. பாதி முடிந்திருந்தபோது நான் வாங்கிப் பார்த்து, ஒரு வளையத்தில் ஓரிடத்தில் நாலுதான் இருக்கிறது என்றேன். அந்த இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பப் போட்டான். அவனும் என் தம்பிதானே.

நிச்சயதார்த்தத்தன்று பாதி முடிந்திருந்த லேஸை ஜென்சி பெருமையாக எடுத்துக் காட்டினாள். தபீதாள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "டாட்டிங்! இவ்வளவு சீரா போட்டு நான் பார்த்ததில்லையே. யார் கை இது?"

ஜென்சி வாயைத் திறப்பதற்குள் டெனிஸ் சொல்லிவிட்டான்: "அக்கா பண்ணது."

நான் மறுத்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக் கூட்டம் மொத்தமும் அங்கே நின்றது. ஸ்டெபின் வீட்டு மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. இங்கேயும் ஒருவர் எழுந்து ஆட்டம் போட்டால்? சும்மா இருந்துவிட்டேன். என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கல்யாணம் ஜனவரி இருபத்தேழு. சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, நெட் எங்கள் பக்கத்துப் பரிசு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஜெபம் பண்ணித்தான் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், அது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் நெட்டை முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கும் டெனிஸுக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது காணும் பொங்கலன்றுதான். காணும் பொங்கலன்று வண்டலூருக்குப் போகிற ஆள் உண்டா? உயிரியல் பூங்காவுக்குப் போகிற ஊர் மொத்தமும் அந்த ரயிலில்தான் இருந்தது. தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன், அந்த இரண்டு ஸ்டேஷனும் டெனிஸ் அட்டைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

தபீதாள் அம்மா வீட்டில் அவரும் அவருடைய அண்ணன் சுவிசேஷமுத்துவும் மட்டும் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் வெள்ளை விரிப்புப் போட்டு நெட்டை விரித்தோம். அம்மா ஓரத்தோடு நடந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு நெஞ்சு பூரித்தது, பிறகு பூரித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் மூலைக்குப் பக்கத்தில் ஒரு நூல் நுனி கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் பைக்குள் போய் டிரிம்மரை எடுத்தது.

"அக்கா, வேணா—" என்று டெனிஸ் எழுந்தான். அதற்குள் நறுக்கிவிட்டேன்.

லேஸ் முடிந்ததும் நூல் நுனியை அவன் ஒட்ட வெட்ட மாட்டானாம். ஒரு தண்ணீரில் அலசிக் காய வைத்து, நூல் சுருங்கி முடிச்சு இறுகிய பிறகுதான் வெட்டுவானாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அலசலாம் என்று வைத்திருந்தானாம். அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மா அடுத்த பக்கத்தைப் பார்க்க நெட்டை லேசாகத் தூக்கினார். முடிச்சு நழுவியது. வளையம் வாயைத் திறந்தது, அதை அடுத்த வளையத்தோடு சேர்த்திருந்த நூல் வளைவும் தொங்கியது.

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். தபீதாள் அம்மாதான் சமாதானம் சொன்னார். "அட, அழாதீங்க சம்பந்தி. நீங்க போட்டதுதானே, இங்கேயே உக்காந்து சரி பண்ணிடுங்க. ஷட்டில் இருக்கா?"

டெனிஸ் சட்டைப் பையிலிருந்து ஷட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். வீட்டில் இரண்டொரு தடவை விளையாட்டாக முயன்றதுதான் என் பயிற்சி. முடிச்சு எல்லாம் ஷட்டில் நூலிலேயே விழுந்தது. நூல் வேர்வையில் கறுத்தது. அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் விரல்களையே பார்த்தார்.

"முடிச்சு தாவலையே சம்பந்தி" என்றார் மெதுவாக.

"கை நடுங்குதும்மா."

"நடுக்கம் இல்ல. பழக்கமே இல்லாத கை மாதிரி இருக்கு."

நான் டெனிஸைப் பார்த்தேன். அவன் சுவரில் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் கணம் அவன் மேல் எனக்கு வந்த கோபம், சின்ன வயதில் அவன் என் சிலேட்டை உடைத்தபோதுகூட வந்ததில்லை. இந்த அம்மா என்னைப் பொய்க்காரி என்று நினைத்தால், என் மகள் அந்த வீட்டில் எப்படிக் கால் வைப்பாள்? பதற்றத்தில் பக்கத்து வளையத்தின் காதில் ஷட்டில் முனையை விட்டு இழுக்கப் போனேன்.

"அதத் தொடாத!" டெனிஸ் கத்திவிட்டான். "அந்த வளையம் நல்லாருக்கு! அதையும் கெடுத்துடாத! எழுந்திருக்கா!"

அவன் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. எழுந்தேன். அவன் உட்கார்ந்தான். என் முடிச்சுகளை வெட்டி எறிந்து, புது நூலை இடது கையில் மாட்டினான். மடங்காத மோதிர விரல் நேராக நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் ஓடின. ஐந்து முடிச்சு, காது. ஐந்து முடிச்சு, காது.

சுவிசேஷமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாது, டிரைவர் சாருக்கு லேசெல்லாம் வருதே! அடுத்து பூக்கட்ட வருமா தம்பி?"

"அண்ணா, சட்டைல பட்டன் விழுந்து ரெண்டு மாசமா ஊக்குக் குத்திட்டுத் திரியிறது யாரு?" என்றார் அம்மா, லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல். அண்ணன் சட்டையைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வளையம் மூடியது. வளைவைக் கோத்து, இந்தத் தடவை நுனியை நீளமாக விட்டு, என் டிரிம்மரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எது புது வளையம் என்று நான் தேடினேன். இருபத்திரண்டு வருஷச் செக்கிங் கண்ணுக்குத் தெரியவில்லை.

அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம். "நிச்சயத்தன்னிக்கு நான் கேட்டேனே. எதுக்கு மாத்திச் சொன்னீங்க? ரெண்டு பேரையும்தான் கேக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். டெனிஸ் குல்லாயைச் சொன்னான், வீடியோவைச் சொன்னான், விளக்கக் கடிதத்தைச் சொன்னான். தரையைப் பார்த்தபடியே, ஆனால் ஒன்று விடாமல். அம்மா கேட்டுவிட்டு உள்ளே போனார். விரற்கடை அகல வெள்ளை நாடாவும் துணியில் எழுதும் பேனாவும் கொண்டு வந்தார்.

"பேர் எழுதுங்க தம்பி. மூலைல உள்பக்கமா வச்சுத் தைக்கணும்."

"வேணாம்மா. கல்யாணத்துல யாராவது பார்த்தா, திரும்பவும்—"

"உங்களைப் பாராட்டறதுக்குன்னா நினைச்சீங்க? இன்னொரு நாள் இது அவிழ்ந்தா நான் யாரைக் கூப்பிடறது? உங்க அக்காவையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் டெனிஸ் நிமிர்ந்து பார்த்தான். பாராட்டு, கேலி எல்லாவற்றுக்கும் அவன் வைத்திருந்த அந்த ஒரே பதில் இதற்குச் செல்லாது. ஒரு ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் வண்டி ஓட்டுகிறவனால் அடுத்தவரைக் கைகாட்ட முடியாது.

அம்மா சொன்னார், "ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட பொய் சொன்னது இன்னும் எனக்கு ஆறல. அது வேற. இப்ப எழுதுங்க."

பேனாவை வாங்கினான். நாடாவைத் தொடைமேல் வைத்து இழுத்துப் பிடித்தான். எழுத்து அரிசி அளவுகூட இல்லை. "கொஞ்சம் பெரிசா எழுதேண்டா, இனிஷியல் எங்க?" என்றேன். காதில் விழாத மாதிரி ஊதிக் காய வைத்தான். பிறகு ஊசியில் நூல் கோத்து அவனே நெட்டின் உள்மூலையில் வைத்துத் தைத்தான். எட்டுத் தையல்.

கல்யாணத்தன்று மூன்று பேர் என்னிடம் வந்து, லேஸ் பிரமாதம் என்றார்கள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டுபோய் நெட்டின் மூலையைத் திருப்பிக் காட்டினேன். ஒருவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. ஜெயவேலு படித்துவிட்டு, "மச்சான் பேரு கீது! யாரு எழுதினது?" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

என் தம்பி தன் கைவேலையில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய தேதி: 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை.